முனியப்பன் வாயில் ஒரு ஹவானா

வீரம்மாள் அன்று காலை வடக்கே கிளம்புவதாக இருந்தார். திரும்பி வருவதாக இல்லை. மலையடிவாரத்து முனியப்பன் கோயிலில் தங்கியிருந்த, எல்லோரும் அம்மா என்று அழைத்த அந்தத் துறவிக்கு ஒரு துணி மூட்டையும் ஒரு சொம்பும்தான் சொத்து.

கூட வருகிறேன் என்று கேட்டவர் ஒரே ஒரு சீடர், தீர்த்தகிரி. சேலத்தில் வெளிநாட்டுச் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் இவர் ‘தாயே’ என்பார், அம்மா ‘ஐயா’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு என்று குழப்பம் வரும். அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “எதை விட முடியலையோ அதை முனியப்பனுக்குக் கொடுத்துட்டு வாங்க. அப்புறம் சேர்ந்து நடக்கலாம்.”

விடியற்காலையிலேயே தீர்த்தகிரி வந்துவிட்டார். மடியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்தார்.

“வீட்டை விட்டுட்டேன் தாயே. கடையை மகன்கிட்ட விட்டுட்டேன். இது ஒண்ணுதான் முடியல.”

பெட்டிக்குள் கியூபாவிலிருந்து வந்த ஒரே ஒரு ஹவானாச் சுருட்டும், அதைப் பற்றவைக்க ஒரு மெல்லிய தேவதாரு மரச் சீவலும் இருந்தன.

“அப்படி என்னய்யா இருக்கு இதுல?” என்றார் அம்மா.

கேட்டிருக்கவே கூடாது. தீர்த்தகிரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“மேல்இலையைப் பாருங்க தாயே. ஒரு நரம்பு தெரியுதா? வெயில் நேராப் படாம, துணிப்பந்தல் போட்டு வளர்த்த இலை. அறுத்து, காயவச்சு, குவிச்சுப் புழுங்கவச்சு, வருஷக்கணக்கா தூங்கவிட்டுச் சுத்துனது. மோந்து பாருங்க.”

அம்மா மூக்கருகே வைத்து முகர்ந்தார். கண்ணை மூடினார்.

“வெல்லம் காய்ச்சற மாதிரி இருக்கு. பின்னாடியே மழை பெஞ்ச மண்ணு.”

“அதேதான்!” தீர்த்தகிரிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “தீக்குச்சியில பத்தவச்சா கந்தக வாடை ஏறிடும். இந்தத் தேவதாருச் சீவலைக் கொளுத்தி, அந்தத் தீயிலதான் காட்டணும். சாம்பலைத் தட்டக் கூடாது. அசலா இருந்தா சாம்பல் விழாம நிக்கும். புகையை நெஞ்சுக்குள்ள இறக்கக் கூடாது தாயே. வாயில வச்சிருந்து, ருசி பார்த்து, விட்டுடணும்.”

“விட்டுடணுமா? அப்ப நீங்க ஏற்கெனவே பாதிச் சந்நியாசி” என்று அம்மா சிரித்தார்.

அதற்குள் பூசாரி குப்பண்ணன் வந்து முனியப்பன் முன்னால் ஏணியைச் சாத்தினார். மீசையும் முழித்த கண்ணுமாக உட்கார்ந்திருக்கும் முனியப்பனுக்கு ஆள் உயரத்துக்கு மேலே வாய். பல் இடுக்கில் சுருட்டுச் செருக ஒரு துளை. ஊர்க்காரர்கள் நாட்டுச் சுருட்டு வாங்கிவந்து படைப்பது அங்கே வழக்கம்.

“பத்தவச்சுக் குடுங்க, நான் ஏறி வச்சிடறேன்” என்றார் பூசாரி. “வாய் மட்டும் படக் கூடாதுங்க. தீயில காட்டி, கையால விசிறியே பத்தவைக்கணும். நேரமாகும், பரவாயில்ல.”

தீர்த்தகிரி தலையாட்டினார். சுருட்டின் நுனியைச் சின்னக் கத்தியால் பூப்போலச் சீவினார். தேவதாருச் சீவலை அகல் விளக்கில் காட்டினார். தீ பிடித்தது. சுருட்டின் முனையை அதன் மேலே மெல்லச் சுழற்றினார். ஓரம் சிவந்தது.

சிவந்ததும் கை தானாக மேலே போனது. உதடு தானாகக் கவ்வியது. ஒரு இழுப்பு இழுத்துவிட்டார்.

“ஐயையோ!” என்றார் பூசாரி.

தீர்த்தகிரி அப்படியே நின்றுவிட்டார். வாய் நிறையப் புகை. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் உதடு பிரிந்து, புகை தானாக வெளியே வந்தது.

“எச்சில் ஆயிடுச்சுங்க. இனி இது சாமிக்கு ஆகாது” என்றார் பூசாரி. கோபமாகச் சொல்லவில்லை, பாவம், இரக்கமாகத்தான் சொன்னார். “பழக்கம், என்ன பண்றது? வேற ஒண்ணு இருக்குதுங்களா?”

“இல்ல. இதுதான் கடைசி.”

“அப்ப நீங்களே குடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க. சாமியே வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு நெனைச்சுக்குங்க.”

தீர்த்தகிரி அம்மாவைப் பார்த்தார். மூட்டையைத் தோளில் மாட்டியிருந்தார் அம்மா. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று தீர்த்தகிரி நினைத்துக்கொண்டார். சுருட்டு விரலிடுக்கில் கனன்றுகொண்டிருந்தது.

“எப்படி இருந்துச்சு?” என்றார் அம்மா.

பொய் சொல்லத் தோன்றவில்லை. “இத்தனை வருஷத்துல இப்படி இருந்ததே இல்ல, தாயே.”

“இன்னொரு இழுப்பு வேணுமா?”

தீர்த்தகிரி சுருட்டைப் பார்த்தார். முதல் வளையம் சாம்பல் வெள்ளையாகக் கட்டியிருந்தது.

“வேணும்.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

“அப்ப வேணும்னு இருக்கும்போதே ஏணியில ஏறுங்க.”

“தாயீ, எச்சிலுங்க!” என்று பூசாரி குறுக்கே வந்தார். அம்மா ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். பூசாரி விலகிவிட்டார். ஏன் விலகினேன் என்று அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

தீர்த்தகிரி ஏறினார். முனியப்பனின் கண்கள் அவருடைய தலையைவிடப் பெரியவை. அவற்றை அவ்வளவு பக்கத்தில் யாரும் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. சுருட்டைத் துளையில் செருகினார். விரலை எடுக்கத்தான் நேரமாயிற்று. எடுத்தார்.

இறங்கி வந்து மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

காற்றே இல்லை. வாய் வைத்து இழுக்க ஆளில்லாத சுருட்டு அணைந்துவிடும், தீர்த்தகிரிக்கு அது தெரியும். இது அணையவில்லை. கங்கு ஒரு பக்கம் சாயாமல் வட்டமாகப் பின்வாங்கியது. புகை நேராக எழுந்து மீசையைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, அரசமரத்துக் கிளைக்குள் போயிற்று. சாம்பல் விரல் நீளத்துக்கு வளர்ந்து, விழாமல் நின்றது. வெல்லமும் மழைமண்ணுமாகக் கோயில் முழுக்க மணந்தது.

ஆயுள் முழுக்கச் சுருட்டு குடித்தவர், ஒரு சுருட்டு முழுதாக எரிவதை அன்றுதான் பார்த்தார். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூசாரி தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாகூட வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிவிட்டது. கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கடைசிப் புகையும் போன பிறகுதான் அம்மா எழுந்தார். தீர்த்தகிரியைப் பார்த்து, “செருப்பைப் போடுங்க” என்றார்.

தீர்த்தகிரி எழவில்லை.

“தாயே, நான் வாய் வச்சுக் கெடுத்தது அது. அதைப் போய் எப்படி வைக்கச் சொன்னீங்க?”

அம்மா குனிந்து அவருடைய செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தார்.

“வாய் படாததை வச்சிருந்தா, சுருட்டு மட்டும்தான் ஐயா போயிருக்கும்.”