கடைசித் துரை வெளிறி நின்ற கதை

உலோகங்களும் அமிலங்களும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஒரு கண்ணாடிப் பள்ளத்தில் இரும்புக் குடிகள் வாழ்ந்தார்கள். வெளிர்பச்சை நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர் என்றே தோன்றும். கொடுப்பதற்கென்று ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு எலக்ட்ரான் இருந்தது. வேறு சொத்து கிடையாது.

பள்ளத்துக்கு மேலே, கோடு கோடாக அளவு கீறிய நெட்டைக் கண்ணாடிக் கோபுரம். அதில் பெர்மாங்கனேட் துரைமார் இருந்தார்கள். ஆளுக்கொரு ஊதா அங்கி, ஆளைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் காவலர்கள். துரைமாருக்குத் தீராத எலக்ட்ரான் பசி. பசித்தபோது ஒருவர் இறங்கி வந்து, அகப்பட்டவர்களிடம் பிடுங்குவார். பறிகொடுத்த இரும்பு வெளிர்மஞ்சளாகிவிடும். அந்த மஞ்சளைத்தான் எல்லோரும் அவமானம் என்றார்கள். பறித்தவருக்கு அவமானம் எதுவும் ஒட்டவில்லை. அது எந்தக் காலத்தில் ஒட்டியிருக்கிறது?

துரை வந்தால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்பது பள்ளத்து வழக்கம். அதனால் பறித்த பிறகு துரை என்ன ஆனார் என்று ஒருவரும் கண்டதில்லை. அடுத்த முறையும் ஊதா அங்கிதான் இறங்கி வந்தது. வருவது ஒரே துரைதான், எத்தனை தின்றாலும் அவர் நிறம் குறையாது என்று அந்த அப்பாவிகள் நம்பிக் கிடந்தார்கள்.

தண்டோரா போடுவது பாதரசத்தின் வேலை. ஓரிடத்தில் நிற்காத ஆள். "துரை ஐந்து எலக்ட்ரான் கொண்டார்!" என்று உருண்டுகொண்டே கூவுவான். கொடுத்தது யார் என்று ஒருநாளும் கூவியதில்லை.

ஒருநாள் அவன் வேறு சேதி கொண்டுவந்தான்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! பள்ளத்தில் குடிகள் யாருமில்லை. வெறும் தண்ணீர்தான் கிடக்கிறது. ஆகவே பள்ளத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டியது!"

கரும்பொன்னி என்ற இரும்புப் பெண் எழுந்து வழிமறித்தாள்.

"யாருமில்லையா? அப்ப இத்தனை நாள் உங்க துரை யாருகிட்டப் பிடுங்கித் தின்னாரு? காத்துகிட்டயா?"

"தாயி, நான் கூவுறவன். பாதியைச் சொல்லுன்னாங்க, பாதியைச் சொல்றேன்."

"மத்தப் பாதி?"

"அதை யாரும் கேட்டதில்லையே" என்று உருண்டு போய்விட்டான்.

அன்றைக்கும் ஒரு துரை இறங்கினார். பள்ளமே குனிந்தது. கரும்பொன்னி குனியவில்லை. கதையில் நடந்த ஒரே பெரிய காரியம் அதுதான். அவள் கண்ணெதிரே துரை ஐந்து பேரிடம் ஆளுக்கொன்றாகப் பிடுங்கினார். பள்ளத்தில் இருந்த கொஞ்சம் அமிலப் புளிப்பு அவருடைய காவலர்களைக் கரைத்தது. ஐந்தாவது எலக்ட்ரான் கைக்குப் போனதும் ஊதா அங்கி மாயமாய் மறைந்தது. நிறமே இல்லாத ஓர் ஆள் கூச்சத்தோடு நின்றார்.

"ஏலே அயவா! நிமிர்ந்து பாருடா, துரைக்கு அங்கி போச்சு!"

அயவன் அவள் தம்பி. "சும்மா இரு அக்கா, கண்ணைப் பிடுங்கிருவாரு" என்று முனகினான்.

"இனி அவரு எதைப் பிடுங்க? பாருடா!"

அயவன் பார்த்தான். பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள். அஞ்சு பேர் சேர்ந்தால் ஒரு துரை காலி என்பது பள்ளம் முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை.

கரும்பொன்னி கோபுரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "குடிகள் இல்லைன்னு சொன்னவங்க இறங்கி வந்து எண்ணுங்க! ஒவ்வொருத்தரா, சொட்டுச் சொட்டா வாங்க. எத்தனை பேர் அங்கி இழக்கிறீங்களோ, அதைப்போல அஞ்சு மடங்கு நாங்க. எங்க நடுவுல ஒரு துரை அங்கியோட நின்னுட்டா, எண்ணுறதை நிறுத்திக்கலாம்."

மேலேயிருந்து சிரிப்பு கேட்டது. "நாலைந்து பேர் இருப்பீர்கள். இரண்டாவது துரையே நின்றுவிடுவார். நின்றதும் பள்ளத்தைக் கவிழ்ப்போம்."

"நிக்கலைன்னா?"

"பள்ளம் உங்களுக்கே."

துரைமாரின் காவலர்களை முழுக்கக் கரைக்கப் பள்ளத்துப் புளிப்பு போதாது. அது குறைந்தால் துரை மூன்று எலக்ட்ரானோடு நிறுத்தி, பழுப்புச் சேறாக உட்கார்ந்து கணக்கைக் கலக்கிவிடுவார். துணைக்கு ஒரு அமிலம் வேண்டும். முதலில் வந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சிரித்த முகத்தோடு.

"இவரையே வச்சுக்கலாம்க்கா, நல்லாப் பேசுறாரு" என்றான் அயவன்.

"அதுதான்டா பயமா இருக்கு. இவரு கூடவே குளோரைடு வருவான். துரையைக் கண்டா தன் எலக்ட்ரானையும் சைடுல நீட்டுவான்."

"நீட்டட்டுமே. நம்ம கூட்டம் பெருசாத் தெரியும்ல?"

"நாளைக்குப் பொய்க் கணக்குன்னு சொல்லிக் கவுத்துருவாங்க. ஒரு ஆளைக்கூடக் கூட்டிக் காட்ட வேணாம்டா. இருக்கிறதைச் சொன்னாலே அவங்களுக்கு நடுங்கும்."

அடுத்து நீர்த்த கந்தக அமிலம் வந்தது. "எனக்குப் பேச வராது" என்றது. "ஆள் எத்தனை வேணும்?"

"துரைக்கு எட்டு ஹைட்ரஜன்."

"அனுப்புறேன்." அவ்வளவுதான். அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கோபுரத்தின் குழாய் திறந்தது. முதல் துரை இறங்கினார். எட்டு ஹைட்ரஜன் ஆட்கள் போய், காவலருக்கு இருவராகக் கைகோத்து நால்வரையும் தண்ணீராக்கினார்கள். தனியாக நின்றவர் முன்னால் ஐந்து இரும்பு நிமிர்ந்த தலையோடு வந்து, ஆளுக்கொன்று கொடுத்தது. பிடுங்க விடவில்லை, கொடுத்தது. அங்கி போயிற்று.

பாதரசம் பழக்கத்தில், "துரை ஐந்து கொண்டார்!" என்றான்.

"மத்தப் பாதியையும் கூவு!" என்று பள்ளமே அதட்டியது.

"ஐந்து இரும்பு ஆளுக்கொன்று கொடுத்தது!" என்று அவன் வாழ்நாளில் முதல்முறையாகச் சேர்த்துக் கூவினான். கொண்டதும் கொடுத்ததும் இம்மி பிசகாமல் நேர்பட்டு ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன.

இரண்டாவது துரை நிற்கவில்லை. பத்தாவதும் நிற்கவில்லை. கோபுரத்தில் துரைமார் மட்டம் கோடு கோடாக இறங்கியது. அங்கிகளின் இருட்டில் மட்டத்தின் அடி வளைவு தெரியாததால், மேல் விளிம்பைப் பார்த்தே குடிகள் எண்ணினார்கள். மேலே சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை.

அயவன் முன்னமே மஞ்சளாகிவிட்டான். "மஞ்சள் நமக்கு எடுப்பாத்தான் இருக்குக்கா" என்று மார்பை நிமிர்த்தினான். கரும்பொன்னி கடைசி ஐவரில் ஒருத்தியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு துரை இறங்கினார். கையை நீட்டினார். யாரும் எதையும் வைக்கவில்லை. அத்தனை பெரிய கூட்டத்தின் நடுவில் அவர் ஊதா அங்கி விரிந்து மெலிந்து, இளஞ்சிவப்பாக வெளிறிப்போனது.

"கொடுக்க யாருமில்லையா?" என்றார் நடுங்கிக்கொண்டு.

"யாருமில்லைன்னு நீங்கதானே தண்டோரா போட்டீங்க, துரை!" என்றாள் கரும்பொன்னி.

பள்ளம் குலுங்கிச் சிரித்தது. குழாய் மூடிக்கொண்டது. கோபுரத்தில் பாதிக்கு மேல் காலி. விழுந்த துரைமாரை எண்ணி ஐந்தால் பெருக்கியபோது வந்த தொகையைச் சொல்லப் பாதரசத்துக்கே மூச்சு வாங்கியது. பள்ளத்தை யாரும் கவிழ்க்கவில்லை.

அன்று பிறந்த வழக்கம்தான், இன்றும் ஆய்வகங்களில் தரம்பார்த்தல் என்ற முறையில் இரும்பை எண்ணுகிறவர்கள் கந்தக அமிலத்தையே துணைக்கு அழைக்கிறார்கள். பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகவே இறக்குகிறார்கள். மட்டத்தின் மேல் விளிம்பையே பார்க்கிறார்கள். கொண்டவனுக்கு ஒன்று, கொடுத்தவனுக்கு ஒன்று என்று இரண்டு அரைச் சமன்பாடுகள் எழுதி, இரண்டையும் கூட்டினால்தான் கணக்கு என்கிறார்கள். குடுவையில் ஒரு துரை வெளிறி நின்றால் உடனே குழாயை மூடுகிறார்கள். அங்கிருந்த அத்தனை இரும்பும் எண்ணப்பட்டாயிற்று என்று அதற்குப் பொருள்.