கை தெரியாத அங்கி

மலை மடத்துப் பெண் துறவி ஹுய்லானின் சீடர்களில் பட்டு வியாபாரி ஷென்தான் மூத்தவர். குருவைவிடவே வயதில் பெரியவர்.

அவர் ஊர்ப் பணக்காரர்கள் தங்கள் சாவு உடையை உயிரோடு இருக்கும்போதே தைத்து வைத்துக்கொள்வார்கள். பிறந்தநாளன்று அதை ஒருமுறை அணிந்தால் ஆயுள் கூடுமாம். தினமும் அணிந்தால் எவ்வளவு கூடும் என்று ஷென் யோசித்தார், வியாபாரி அல்லவா! அன்றிலிருந்து அந்த நீலப் பட்டங்கியிலேயே நடமாடினார். அதில் நாரைகள் பறக்கும் பூவேலை. அங்கியின் கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின.

அன்று மலையெங்கும் பனிமூட்டம். ஷென் மூச்சு வாங்க ஏறி வந்து குருவின் எதிரே உட்கார்ந்தார்.

"தாயே, ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது."

"சொல்லுங்கள்."

"ஆற்றின் மேல் நடக்கிறேன். காலடியில் தண்ணீர் பட்டு மாதிரி வழுவழுக்கிறது. எதிரே என் பேத்தி லிங். தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுகிறாள். நானும் நீட்டுகிறேன். சட்டைக்கை நீண்டுகொண்டே போகிறது, என் கை மட்டும் வெளியே வரவே மாட்டேன் என்கிறது. அங்கியிலிருந்து நாரைகள் எழுந்து பறக்கின்றன. அவை போன பக்கமே அவளும் போய்விடுகிறாள்."

"விழித்திருக்கும்போது?"

ஷென் மடியில் பட்டின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"தினமும் வாசலில் நின்று கையை நீட்டுவாள். பட்டு கசங்குமே என்று நான்தான் தூக்குவதில்லை. நேற்று அவள் வரவில்லை, தாயே. கூப்பிட்டேன், அப்போதும் வரவில்லை. என்னால் தாங்க முடியவில்லை."

குரு உள்ளே போய் ஒரு கத்தரிக்கோலோடு வந்தார்.

"கையை நீட்டுங்கள். சட்டைக்கையைக் கொஞ்சம் வெட்டிவிடலாம்."

ஷென் பதறிப் பின்வாங்கினார்.

"ஐயையோ, வேண்டாம்! இந்த அங்கியில் கை வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் பேரப்பிள்ளைகள் பிச்சையெடுப்பார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. லிங்குக்கு அந்தக் கதி வரலாமா?"

குரு கத்தரிக்கோலை அவர் மடியில் வைத்தார்.

"இத்தனை நாளும் உங்கள் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாளே, அவள் யார்?"

பட்டுக்குள்ளிருந்து ஷென்னின் விரல்கள் கத்தரிக்கோலைத் தேடின.