சுடலைமுத்து இருந்தால் எரியும் விளக்கு

கடைசியில் சிரிப்பு உண்டு. அதற்குள் பல்லைக் காட்டாதீர்கள். ஆசாமி இன்னும் படியே ஏறவில்லை.

ஆசாமி பெயர் சுடலைமுத்து. வயது ஐம்பத்தாறு. பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். அவருடைய குரு பெனிட்டாவுக்கு வயது இருபத்து நாலு. அவள் கற்றுக்கொடுப்பது வயரே இல்லாத வேலை. ‘குருவே’ என்று முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார். நாலு மாதத்தில் கேலி உதிர்ந்து குரு மட்டும் மிச்சம்.

வீடு கோமதியுடையது, இரண்டாம் மாடி. கோமதிக்குக் காது கேட்காது. நாளெல்லாம் தையல் மிஷினில் குனிந்திருப்பாள். மூன்று வயது மகன் இசக்கிக்கோ கதவைத் திறக்கத் தெரிந்துவிட்டது. அதனால் கதவில் ஒரு சென்சார். கதவு திறந்தால் மிஷின்மேல் சிவப்பு விளக்கு மினுக்க வேண்டும்.

நேற்று மினுக்கவில்லை. கோமதி பெனிட்டாவிடம் மூன்று விரலைக் காட்டினாள். இசக்கி இறங்கியது மூன்று படி. நாலாவதில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்திருக்கிறார்.

“மூணாவது தடவை வாரேன், குருவே,” என்றார் சுடலைமுத்து. “பேட்டரி மாத்தியாச்சு. சென்சாரையே மாத்தியாச்சு. நான் நிக்குற வரைக்கும் ஜம்முனு இருக்கு. படி எறங்கினா செத்துப்போவுது. ஏன்?”

“எது எது எங்க இருக்கு?”

“சேதி கேட்டு வெளக்கை எரிய வைக்குற பெரிய பெட்டி கடைசி அறையில. நடுவுல கனத்த சொவரு ரெண்டு. அதான் நடைவழி பிளக்குல ரிப்பீட்டர் மாட்டியிருக்கு. சென்சார் ‘கதவு தொறந்தாச்சே’ன்னு கீச்சுனு கத்தும். ரிப்பீட்டர் அதைக் கேட்டு, ‘யோவ், கதவு தொறந்தாச்சாம்யா’ன்னு பெட்டிக்குச் சொல்லும்.”

குரல் மாற்றிச் சொல்லிக்காட்டியதில் இசக்கிக்கு ஒரே குஷி.

“சரி. வழக்கம்போலக் கிளம்புங்க, அண்ணாச்சி.”

கிளம்பினார். கதவு திறந்து மூடியது. விளக்கு மினுக்கவில்லை. திரும்பி வந்தார். அப்போதும் இல்லை. வந்த வேகத்தில் சுவிட்சையெல்லாம் தட்டினார்; டெஸ்டிங் என்றால் எல்லாம் போட்டிருக்க வேண்டுமே. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். சிவப்பு மினுக்கியது.

“பாத்தீங்களா? நான் வந்ததும் உயிர் வந்துட்டு!”

சொன்னவர் கொஞ்சம் யோசித்தார். கழுத்து தானாக நிமிர்ந்தது.

“குருவே, தப்பா நெனைக்கக் கூடாது. இந்த ஒடம்புல என்னமோ ஒரு பவர் இருக்கு.”

பெனிட்டா சிரிக்கவில்லை. நீங்களும் பொறுங்கள்.

“இருக்கும், அண்ணாச்சி. முப்பது வருஷத்துல எத்தனை ஷாக்கு வாங்கியிருப்பீங்க.”

“ஒண்ணு கெடையாது! நான் வேலை முடிச்சுக் கிளம்புன வீட்டுல ஒரு சுவிட்ச் போட்டபடி கெடந்ததுன்னு ஒருத்தன் சொல்லட்டும். சுடலைமுத்து கைன்னா ஊருக்கே தெரியும்.”

“தெரியும்,” என்றாள் குரு.

அவர் வலது கையில் டூல்ஸ் பையைக் கொடுத்தாள். இடது இடுப்பில் இசக்கியை ஏற்றினாள்.

“இப்போ கிளம்புங்க. பையனே கதவைத் தொறக்கட்டும்.”

இசக்கி திறந்தான். விளக்கு மினுக்கியது. கோமதி சட்டென்று தலை தூக்கினாள்.

“தெருவுக்கே போயிருங்க!” பெனிட்டா படியில் எட்டிச் சொன்னாள். அவர் இறங்கியதும் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒவ்வொரு தடவையும் மினுக்கியது.

சுடலைமுத்து மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது.”

“நான் தெருவுல நின்னேனே!”

“அப்பவும் எரிஞ்சுது.”

முகம் விழுந்துவிட்டது. “நான் இல்லாமலே எரியுதாக்கும்.”

“வருத்தமா?”

“சேச்சே. புள்ளை தப்பிச்சான்லா, அது போதும்.” இசக்கியின் தலையைத் தடவினார். “ஆனா முந்தி நான் போனா நின்னுதே, குருவே. இந்தத் தடவை என்ன வித்தியாசம்?”

பெனிட்டா இசக்கியை வாங்கிக் கோமதியிடம் கொடுத்தாள். பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வேலை முடிஞ்சுது. போலாம், அண்ணாச்சி.”

சுடலைமுத்து வெறுங்கையோடு நடந்தார். நடைவழியில், கண் வாசலைப் பார்த்திருக்க, வலது கை தன்பாட்டுக்கு எழுந்து சுவரிலிருந்த ரிப்பீட்டர் சுவிட்சுக்குப் போனது.

“ஊருக்கே தெரியும்,” என்றாள் குரு பின்னாலிருந்து. “சுடலைமுத்து கை.”

விரல் சுவிட்சின்மேல் அப்படியே நின்றது.