பெறுநர், டெல்லி

முத்தாந்துறை மடத்துக்குச் சீடர்களாக வந்தவர்களில், டெல்லியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தவர் நல்லபெருமாள் ஒருவர்தான்.

போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. ரத்த அழுத்தம் ஏறிப்போய், இனி டி.வி. விவாதம் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கருவாட்டை விட்டார். காப்பியை விட்டார். ஊறுகாய் ஜாடியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தார். டெல்லியை மட்டும் விட முடியவில்லை. மனசு அடங்க ஏதாவது வழி கிடைக்குமா என்று மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடற்கரையில் ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு கிணறு, அவ்வளவுதான். அதை நடத்திவந்த உலகாம்பிகை அம்மாள் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். நல்லபெருமாளைவிடப் பதினைந்து வயது இளையவர். எல்லாரும் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். நல்லபெருமாள் இரண்டு நாள் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள் அவருக்கும் அம்மா என்றுதான் வாயில் வந்தது.

"தியானத்திலே உட்கார்ந்தா என்ன தெரியுது?" என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"பாராளுமன்றம் தெரியுதும்மா."

"சபை நடக்குதா, ஒத்திவெச்சுட்டாங்களா?"

"நடக்குது. நான்தான் பேசிட்டிருக்கேன்."



நல்லபெருமாள் சும்மா இருந்தாலும் ஐசக் பொன்னையா விடமாட்டார். பொன்னையா ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். பக்கத்து வீட்டுக்காரர், நாற்பது வருஷ சிநேகிதர். தினமும் காலையில் மடத்துக்கே தேடிவந்து சண்டை போடுவார். நல்லபெருமாள் டெல்லியில் ஆளுகிற கட்சியின் பக்கம். பொன்னையா எதிர்க்கட்சியின் பக்கம். இருவரும் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. எந்தத் தலைவருக்கும் இவர்களைத் தெரியாது. ஆனால் அவர்கள் பேச ஆரம்பித்தால் கிணற்றடிக் காக்கைகள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

மடத்துக்கு வடக்கே ஓர் ஓடை கடலில் சேர்ந்தது. ஊரின் கழிவுநீர் மொத்தமும் அதில்தான் வந்தது. ஓடை விழும் இடத்தில் கடல் அரை மைல் தூரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. அலை கொண்டுவந்த நுரை மணலில் ஒட்டிக்கொண்டு, வெயில் ஏறினாலும் போகாமல் நின்றது.

அந்த முகத்துவாரத்தில் மட்டிச் சிப்பி அள்ளிப் பிழைக்கிற பெண்களில் ஒருத்தி சவேரியம்மாள். ஒரு திங்கட்கிழமை அவள் மடத்துக்கு வந்தாள். இடுப்பில் வெறும் கூடை.

"எங்க மட்டியைச் சந்தையிலே யாரும் வாங்க மாட்டேங்காங்க அம்மா. தின்னா வயித்தாலே போகுதாம். எங்களுக்குக் கை காலெல்லாம் அரிப்பு. ஒரு மனு எழுதணும். போஸ்ட்மாஸ்டர் சார் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு சொன்னாங்க."

நல்லபெருமாளுக்கு உள்ளம் குளிர்ந்தது. அப்போதே பேனாவும் வெள்ளைத்தாளும் எடுத்து, மடத்தின் சின்ன எழுதுமேசைமுன் உட்கார்ந்தார். இடது ஓரத்தில் அழகாக 'பெறுநர்' என்று எழுதினார்.

அதற்குள் பொன்னையா வந்துவிட்டார்.

"யாருக்கு வே எழுதுதீரு?"

"மாநில அரசுக்கு. அவங்கதான் பொறுப்பு."

"டெல்லிக்கு எழுதும். கடல் யாருக்குச் சொந்தம்? மத்திய அரசுக்கு."

"சாக்கடை யாருக்குச் சொந்தம்?"

"சாக்கடைக்குப் பணம் கொடுக்காதது யாரு? உம்ம ஆளு!"

"எழுபது வருஷமா ஒண்ணும் செய்யாதது யாரு? உம்ம ஆளு!"

அன்று மத்தியானம் வரை பெறுநருக்குக் கீழே ஒரு வார்த்தை ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை நான்கு தாள் கிழிந்தது. புதன்கிழமை பேச்சு எல்லைப் பிரச்சினைக்குப் போய், அங்கிருந்து சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக்குப் போய்விட்டது. சவேரியம்மாள் மூன்று நாளும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எழுந்து வந்து சொன்னாள்:

"சார், யார் பேரும் வேண்டாம். கடல் மாதாவுக்குன்னு எழுதுங்க. அவ கட்சி சேராதவ."

அம்மா அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். எழுதுமேசையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். சீடருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவும் தாளுமாகப் பின்னால் ஓடினார். பொன்னையாவும் வந்தார், பாதியில் விட்ட வாக்கியம் ஒன்று அவரிடம் பாக்கி இருந்தது.

ஓடை கடலில் விழும் இடத்தில், கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீரில் அம்மா மேசையைப் போட்டார்.

"இங்கே பேசுங்க."

"இங்கேயாம்மா?"

"மடத்திலே காத்தோட்டம் அதிகம். பேச்சு நீண்டுபோகுது."

நல்லபெருமாள் பொன்னையாவைப் பார்த்தார். பொன்னையா நல்லபெருமாளைப் பார்த்தார். யார் முதலில் பின்வாங்குவது? இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

நாற்றம் ஆளைத் தள்ளியது. பொன்னையா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பொருளாதாரத்தை ஆரம்பித்தார்.

"துணியை எடுத்துட்டுப் பேசும் வே. ஒண்ணும் விளங்கலை."

"விளங்காதது துணியாலே இல்லை. உமக்கு என்னைக்கு வே பொருளாதாரம் விளங்கிச்சு?"

மட்டி அள்ளும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றிலும் கூடினார்கள். வலை காயப்போட வந்தவர்களும் நின்றார்கள். கடல் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் கணுக்காலிலிருந்து ஆடுசதைக்கு வந்தது. நல்லபெருமாளின் காலில் ஏதோ மெத்தென்று உரசிப் போனது. என்னவென்று அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் தோற்றுப்போவோம் என்று அவருக்குத் தெரிந்தது.

"வேலைவாய்ப்பு பத்திச் சொல்லும்!" என்று கத்தினார் பொன்னையா. கத்திக்கொண்டே ஓர் எட்டு முன்னால் வைத்தார். கால் சேற்றில் புதைந்தது. பிடிமானத்துக்கு நல்லபெருமாளின் தோளைப் பிடித்தார். அடுத்த நிமிஷம் மத்திய அரசும் எதிர்க்கட்சியும் சேர்ந்தாற்போல் சாக்கடையில் உட்கார்ந்திருந்தன.

கரையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கப் பலர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

சவேரியம்மாள் இறங்கி வந்து ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துத் தூக்கினாள். பிடித்த கை உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருந்தது. நல்லபெருமாள் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. விரல் இடுக்குகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"இந்தத் தண்ணியிலே தினமும் எவ்வளவு நேரம் நிப்பே?"

"காலையிலே ஆறு மணிக்கு இறங்கினா பதினொண்ணு வரைக்கும் சார்."

அவர் அங்கே நின்று கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று அம்மா கேட்டார்.

"டெல்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த பொன்னையா, வாயில் நுரை ஒட்டியிருப்பது தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் அம்மா," என்றாள் சவேரியம்மாள். "ஓடையோட நடந்து எண்ணி வெச்சிருக்கேன். யாரும் கேக்கலை."

அவள் முன்னால் நடந்தாள். அம்மாவும், சொட்டச் சொட்ட இரண்டு பெரியவர்களும் பின்னால் நடந்தார்கள்.

முதலில் நகராட்சியின் கழிவுநீரேற்று அறை வந்தது. மோட்டார் பழுதாகி ஏழு மாசமாம். கதவில் துருப்பிடித்த பூட்டு. தொட்டி நிரம்பி ஓடைக்கு வழிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி ஒரு லாட்ஜின் குழாய். அதற்கும் அப்பால் கட்சி அலுவலகங்கள் இரண்டு, ஒன்றோடொன்று முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பருத்த குழாய்.

"இதிலே மட்டும் கூட்டணி," என்றாள் சவேரியம்மாள்.

நல்லபெருமாள் பொன்னையாவைப் பார்க்கவில்லை. பொன்னையாவும் பார்க்கவில்லை.

மேட்டுத்தெருவின் பின்பக்கம் வந்தபோது அவள் நடையைக் குறைத்தாள். ஒரு வீட்டின் பின்சுவரிலிருந்து பச்சை நிறக் குழாய் ஒன்று ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது முப்பதாவது," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சார் வீடு."

 மாடி கட்டினபோது கொத்தனார் வந்து நின்றது நல்லபெருமாளுக்கு ஞாபகம் வந்தது. 'செப்டிக் டேங்கைப் பெரிசாக்கணுமா சார், இல்லே பின்னாடி ஓடையிலே விட்டுரவா?' என்று கேட்டான். டி.வி.யில் தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'ஏதாவது செய்யி' என்று கையை ஆட்டினார்.

பொன்னையா வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று காத்திருந்தார். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தார். பொன்னையா அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் ஒரு பச்சைக் குழாய்.

"அன்னைக்கு நானும் உம்ம வீட்டிலேதானே வே முடிவு பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார் பொன்னையா மெதுவாக. "என் வீட்டு டேங்கைப் பத்தி என்கிட்டேயும் கேட்டான்."

நல்லபெருமாள் சவேரியம்மாள் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதான் என்கிட்டே மனு எழுத வந்தியாம்மா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் வந்தே?"

"கையெழுத்து நல்லாருக்கும்னு சொன்னாங்களே."

அவர் அங்கேயே, ஓடைக்கரைக் கல்லில், முழங்கால்மேல் தாளை வைத்து எழுதினார். நனைந்த தாளில் மை கொஞ்சம் ஊறியது. நகராட்சி ஆணையருக்கு. நீரேற்று அறை மோட்டாரைப் பழுதுபார்க்க வேண்டும். ஓடையில் விழும் குழாய்கள் முப்பத்தொன்று. அவற்றில் முப்பதாவதும் முப்பத்தொன்றாவதும் கீழே கையொப்பமிட்டவர்களுடையவை. அவற்றை இன்றே அடைக்கிறோம். பொன்னையா ஓர் எழுத்துக்கூட மாற்றச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

நாற்பது வருஷத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் வாசகம் அதுதான்.

மனுவுக்குப் பலன் இருந்தது, கொஞ்சம். நகராட்சி கேள்வி கேட்டதும் இரண்டு கட்சி அலுவலகங்களும், அந்தக் குழாய் அடுத்த கட்சியுடையது என்று எழுத்துமூலம் பதில் கொடுத்தன. ஆனால் மூன்றாம் வாரம் மோட்டார் ஓட ஆரம்பித்தது. நுரை பாதியாகக் குறைந்தது. சவேரியம்மாளின் கையில் புண் காய்ந்து புதுத்தோல் வந்தது. மட்டி மறுபடி தின்னத் தோதாக இன்னும் நாளாகும் என்று அவளே சொன்னாள். அதுவரைக்கும் தெற்கே இரண்டு மைல் நடந்துபோய் அள்ளிவந்தாள்.

நல்லபெருமாள் வீட்டு நிலைமைதான் மோசம். குழாயை அடைத்ததால் மாடிக் கழிப்பறைக்குப் பூட்டு. கீழே இருக்கிற ஒன்றுக்குக் காலையில் மகன், மருமகள், சம்சாரம் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். டேங்கைப் பெரிசாக்க வேண்டும். கொத்தனாரோ கேரளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் எல்லாரும் அவரைப் பார்த்த பார்வைக்கு எதிர்க்கட்சியே தேவலை என்று இருந்தது.

"நாமளே தோண்டுவோம் வே," என்றார் பொன்னையா. "முதல்லே உம்ம வீடு. அப்புறம் என் வீடு."

தோண்டி முடிக்கும்வரை டெல்லி பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று நல்லபெருமாள் நிபந்தனை போட்டார். அம்மாவின் முகத்தில் இனிமேலாவது நல்ல சீடனாக விழிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பொன்னையா பைபிள்மேல் கைவைத்து ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் மௌனமாகவே போனது. இரண்டாம் நாள் காலையில் எதிர்வீட்டு ரேடியோவில் செய்தி வாசித்தார்கள். பொன்னையா ஒன்றும் சொல்லவில்லை. லேசாகச் செருமினார்.

"என்ன வே செருமுதீரு?" என்றார் நல்லபெருமாள்.

அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர் மடத்துக்கு வந்தபோது தலைமுதல் கால்வரை செம்மண். குரல் கம்மிப் போயிருந்தது. அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் இந்த மடத்துக்கு லாயக்கில்லாதவன்."

"என்ன ஆச்சு?"

"மறுபடியும் சண்டை போட்டுட்டேன். காலையிலே எட்டு மணிக்கு ஆரம்பிச்சது. இப்பத்தான் நிறுத்தினோம். விலைவாசி, ரயில்வே, தேர்தல் கமிஷன், ஒண்ணு விடலை."

"எங்கே நின்னுக்கிட்டு?"

"குழிக்குள்ளேதான்."

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"குழி எவ்வளவு ஆழம்?"

"கழுத்தளவு இருக்கும்மா."

"நேத்து?"

"நேத்து மௌனம். முழங்காலளவுதான் தோண்டினோம்."

அம்மா விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"பொன்னையா வீட்டிலே எப்போ?"

"நாளன்னைக்கும்மா."

"பேசறதுக்கு விஷயம் பாக்கி இருக்கா?"

நல்லபெருமாள் யோசித்தார்.

"வெளியுறவுக் கொள்கை இருக்கும்மா. அதை இன்னும் தொடலை."

"தொடாதீங்க," என்றார் அம்மா. "நாளன்னைக்கு வேணும்."