கஞ்சி மேல் விழுந்த பழி

பாத்திரம் தேய்த்துக் கை ஓய்ந்துபோச்சு. வாய் சும்மாதானே இருக்கு, ஒரு கதை சொல்கிறேன்.

பண்ணையார் வீட்டுச் சமையற்காரி செல்லக்கிளி ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு, வந்த அலுப்போடு காலையில் கஞ்சி காய்ச்சினாள். குடித்ததும் பண்ணையாருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. வைத்தியரும் வந்தார், டாக்டரும் வந்தார்.

“உன் கஞ்சிதான்டி காரணம்! இல்லையென்று காட்டு, இல்லாட்டி வேலையை விட்டுப் போ!” என்றார் பண்ணையார்.

செல்லக்கிளி வைத்தியரைக் கேட்டாள், “நோய் உடனே வருமாங்க?”

“வராது. வாதமும் பித்தமும் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்த பிறகுதான் வெளியே தெரியும்.”

“டாக்டரய்யா?”

“இந்தக் கிருமி உள்ளே போய்ப் பெருகச் சில நாளாகும்.”

“அந்த நாளெல்லாம் சமைச்சது நம்ம அம்மாங்க. கூப்பிடட்டுங்களா?”

கரண்டியோடு வாசற்படியில் நின்ற மனைவியைப் பண்ணையார் பார்த்தார்.

“கஞ்சி அருமை. இன்னொரு டம்ளர் கொண்டா” என்றார்.

செல்லக்கிளி அலுத்த கால்களை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்... ஐயோ, என் பிள்ளை அழுவுதே! இதோ வரேன் அத்தை, தொட்டிலைக் கொஞ்சம் ஆட்டுங்க!