தாளாளர் தேடிய உட்கரு

தாளாளர் சிவஞானத்துக்கு மில் நடத்தத் தெரியும், மைக்ராஸ்கோப் தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருவதற்கு முந்தின நாள் உயிரியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தார். உதவியாளர் மரியபுஷ்பம் வெங்காயத் தோலைக் காட்டினாள். செல்லுக்கு ஒரு புள்ளி தெரிந்தது.

"அதுதான் உட்கருங்கய்யா. செல்லை நடத்துற தலைமை இருக்கிற அறை மாதிரி."

அடுத்துத் தயிர்த் துளியைக் காட்டினாள். புள்ளியைக் காணோம்.

"இதுல எங்க?"

"இது பாக்டீரியா, இதுக்குக் கிடையாதுங்கய்யா. உட்கரு இல்லாத இந்த மாதிரி எளிய செல்லுக்குப் புரோகேரியோட்னு பேரு."

"தலைமைக்குத் தனி அறை இல்லாம எது ஓடும்? சாயம் போடத் தெரியாம கதை விடுற. நாளை மத்தியானத்துக்குள்ள உட்கருவைக் காட்டு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்க."

"மத்தியானம் பதில் சொல்றேங்கய்யா" என்றாள் மரியபுஷ்பம். மிச்சத் தயிரை வீட்டுக்கு எடுத்துப்போய், ஐந்து லிட்டர் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினாள்.

மறுநாள் குழுவோடு விருந்து. மரியபுஷ்பம் பரிமாறிய தயிர் கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. சிவஞானம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"இப்படித் தயிர் சாப்பிட்டு வருஷமாச்சு. யார் கைப்பக்குவம்?"

"என் கை பாலைக் காய்ச்சினதோட சரிங்கய்யா. மிச்ச வேலையெல்லாம் நேத்து நீங்க பார்த்தவங்க செஞ்சது. தனி அறை இல்லாதவங்க."

"புரோகேரியோட்தானே? சரியாச் சொல்றாங்க" என்றார் குழுத்தலைவர், விரலை நக்கிக்கொண்டே.

சிவஞானம் இலையில் மிச்சமிருந்த தயிரை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சரி, அவங்க அப்படியே இருக்கட்டும். நீயும் இரும்மா. இன்னொரு கரண்டி போடு."