கண்ணாடி வீட்டில் பூத்த ஆர்க்கிட்

மேகங்கள் இறங்கி வந்து இளைப்பாறும் ஒரு மலைக்காட்டில், வானளாவிய மரம் ஒன்று நின்றது. அதன் கிளைகளெங்கும் ஆர்க்கிட் செடிகள் தொற்றியிருந்தன. குழந்தைகளே, இந்த ஆர்க்கிட் மண்ணில் வளராது. மரக்கிளையை வேரால் கட்டிப் பிடித்துக்கொண்டு, மழையையும் பனியையும் குடித்து வாழும் பூச்செடி அது.

ஒரு நாள் பெரும் புயல் அடித்தது. மரம் வேரோடு சாய்ந்தது. அதிலிருந்த தேன்கூடும் சிதைந்தது.

தேனீக் கூட்டத்திலிருந்து ஒரு தூதுத் தேனீ பறந்து வந்தது.

"இந்தப் பூக்கள்தான் எங்களுக்குச் சோறு. செடிகள் மறுபடி பூத்தால் இங்கேயே இருப்போம். இல்லாவிட்டால் அடுத்த மலைக்குப் போய்விடுவோம்" என்றது.

விலங்குகள் பதறிப்போயின. தேனீக்கள் போய்விட்டால் காய் ஏது, கனி ஏது?

காட்டின் ஓரத்தில், மனிதர்கள் எப்போதோ கட்டிவிட்டுப் போன கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. எல்லாரும் சேர்ந்து செடிகளை அங்கே தூக்கிச் சென்றார்கள். கிடந்த தொட்டிகளில் மரப்பட்டையும் பாசியும் நிரப்பிச் செடிகளை வைத்தார்கள். ஆனால் கூரை இருக்கிற வீட்டுக்குள் மழை எப்படிப் பெய்யும்?

"தண்ணீர் ஊற்றுவது என் வேலை" என்று மலையணில் முன்வந்தது.

அணிலுக்கு எதையும் தானே செய்தால்தான் திருப்தி. ஓடையில் மூங்கில் குவளையை நிரப்பும். மேட்டில் ஏறி வரும். ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டுப் பார்க்கும். பாசி காய்ந்திருந்தால் ஊற்றும். ஈரமாக இருந்தால், "உனக்கு நாளைக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும்.

கிளையில் படுத்திருந்த கருமந்திக்கு அதைப் பார்க்கவே கால் வலித்தது. மந்திக்கு மூளை அதிகம், உடம்பு வளையாது.

"அணிலே, ஏன் இப்படி ஓடி ஓடிச் சாகிறாய்? என் வேலையைப் பார்!" என்றது.

நீண்ட மூங்கில்களைப் பிளந்து, ஓடையின் மேல்பக்கத்திலிருந்து கண்ணாடி வீடு வரைக்கும் வாய்க்கால் போல இணைத்தது. வீட்டுக்குள் வந்த மூங்கிலில் தொட்டிக்கு ஒரு துளை போட்டது. சொட்டுச் சொட்டென்று தண்ணீர் தானாகவே விழுந்தது!

விலங்குகள் கைதட்டி ஆர்ப்பரித்தன. கரடி மந்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது.

"இனி யாரும் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்" என்றது மந்தி.

அணிலுக்குச் சுருக்கென்றது. "அப்படியா? சரி, நான் வரவில்லை" என்று குவளையை வீசிவிட்டுப் போய்விட்டது.

மந்தி ஊஞ்சல் கொடியில் படுத்துத் தூங்கியது. இரவும் பகலும் தண்ணீர் சொட்டியது. பிறகு மூடுபனிக் காலம் வந்தது. காற்றே நனைந்து கிடந்தது. தொட்டிகளில் ஈரம் காயவே இல்லை. அப்போதும் தண்ணீர் சொட்டியது.

ஒரு காலையில் தூதுத் தேனீ வந்து, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டது.

"மந்தியாரே! உள்ளே என்ன அழுகல் நாற்றம்?"

மந்தி ஓடிப் போய்ப் பார்த்தது. பல செடிகளின் வேர்கள் பழுப்பாகிக் கொழகொழவென்று கிடந்தன. கடைசி வரிசையிலோ துளைகளைச் சருகு அடைத்திருந்தது; அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. இலைகள் சுருங்கிப்போயிருந்தன.

"ஒரே மூங்கில், ஒரே தண்ணீர்! நான் சரியாகத்தான் செய்தேன். செடிகள்தான் சரியில்லை!" என்று கத்தியது மந்தி.

"இதைச் செடிகளிடம் சொல்லிப் பாரும்" என்றது தேனீ.

மந்திக்கு முகம் தொங்கிப்போனது. நேராக அணிலிடம் ஓடி நடந்ததைச் சொன்னது.

அணில் வந்து பார்த்ததும் அதன் கண் கலங்கியது. அழுகிய வேர்களைக் கடித்து நீக்கியது. காய்ந்த செடிகளைத் தண்ணீரில் நனைத்து எடுத்தது. பிறகு கோபமாக, "உன் மூங்கிலைக் கழற்று! இனி என் குவளை மட்டும்தான்" என்றது.

மந்தி மூங்கிலைக் கழற்றியது.

பனி விலகிக் கடும் வெயில் வந்தது. கண்ணாடி வீடு அடுப்பாகக் கொதித்தது. அணில் ஓடையிலிருந்து ஒரு வரிசைக்கு ஊற்றிவிட்டு வருவதற்குள் அடுத்த வரிசை வாடியது. ஓடியது, ஓடியது, கடைசியில் மேட்டுப் பாதையிலேயே குவளையோடு விழுந்துவிட்டது.

மந்தி பாய்ந்து வந்து அணிலைத் தூக்கியது.

"என்னை விடு! செடிகள் தாகத்தில் இருக்கின்றன" என்று முனகியது அணில்.

"இரு, இரு. இந்த மேட்டில் தண்ணீரைச் சுமப்பதுதானே உன்னைக் கொல்கிறது? அதை மூங்கில் சுமக்கட்டும். வீட்டுக்குள் ஒரு கல்தொட்டி வரைக்கும் வந்தால் போதும். எந்தச் செடிக்கு எவ்வளவு என்று நீ பார்த்துச் சொல். நான் ஊற்றுகிறேன்."

அணில் கண்ணைத் திறந்தது. "நீயா? ஊற்றுவாயா?"

"தூக்கம் வந்தால் வாலைப் பிடித்து இழு!"

அணிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூங்கில் மறுபடி ஏறியது. கல்தொட்டி நிறைந்ததும் மந்தி மரக்கட்டையால் மூங்கிலின் வாயை அடைத்தது. அணில் தொட்டி தொட்டியாகத் தாவி, "இதற்கு ஊற்று! இதற்கு வேண்டாம்! இதற்கு அரைக் குவளை!" என்று கூவியது. கொஞ்ச நாளில் மந்தியே பாசியைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கியது.

"அணிலே, இது காய்ந்திருக்கிறது, சரிதானே?"

"சரியாகச் சொன்னாய்!"

புதிய வேர்கள் பச்சை நுனியோடு எட்டிப் பார்த்தன. மொட்டுகள் விட்டன. ஒரு விடியலில் மஞ்சளும் ஊதாவுமாக வரிசை வரிசையாகப் பூக்கள் விரிந்தன. மந்தி கத்திய கத்தலில் காடே விழித்துக்கொண்டது. கரடி ஆடியது. அணில் மந்தியின் தலைமேல் ஏறி நின்று குதித்தது.

தூதுத் தேனீ பூப்பூவாக உட்கார்ந்து ருசி பார்த்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"சரி, கூடு கட்ட நல்ல கிளை எது? சீக்கிரம் காட்டுங்கள். என் கூட்டம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது!" என்றது தேனீ.

நீதி: சுமக்கும் வேலையைக் கருவியிடம் விடலாம், கவனிக்கும் வேலையை விடக் கூடாது.